உப்புத் தண்ணீர் கொடுத்த பிள்ளையா?

கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன. கரு உண்டானாலும் தங்கவில்லை. ‘விசேஷம் ஒன்றும் இல்லையா?’ என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். அப்போது ஒரு டாக்டர், ‘மலையடிவாரத்தில் ஓர் ஊர் இருக்கிறது. அங்கே போய் உப்புத் தண்ணீரில் குளியுங்கள்’ என்கிறார். அந்தப் பெண்ணும் போகிறாள். அதன்பின் ஆண் குழந்தை பிறக்கிறது. ஒன்றல்ல, வரிசையாக மூன்று!

என்ன, கதை மாதிரி இருக்கிறதா? ஆஸ்திரிய அரச குடும்பத்தில் நடந்த விஷயம் இது. அந்தப் பெண், இளவரசி சோஃபி. ஊர், சால்ஸ்பர்க் நகருக்குக் கிழக்கே இருக்கும் பாட் இஷ்ல். ‘பாட்’ என்றால் ஜெர்மன் மொழியில் குளியல். 1906-ல்தான் இந்தப் பட்டம் ஊரின் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

ஐரோப்பா டூர் போகிறவர்கள் இந்த ஊரில் இறங்கினால் நேராகச் சக்கரவர்த்தியின் மாளிகைக்குப் போவார்கள், கேக் சாப்பிடுவார்கள், திரும்பிவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். ட்ரவுன் நதிக்கரை நடைபாதையில் ஒரு பழைய வீடு இருக்கிறது. அதுதான் ஊர் மியூசியம். உப்பு, வைத்தியக் குளியல், ஊர்ப் பழக்கவழக்கம் என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பொம்மைகள் கொண்ட கிறிஸ்துமஸ் குடிலும் உண்டு. திறந்திருக்கும் நாட்களை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக் கொள்ளுங்கள்.

மலைக்குள் உப்பு

இந்த வட்டாரத்தில் உப்பு கடலிலிருந்து வருவதில்லை. மலைக்குள் பாறையோடு பாறையாகக் கிடக்கிறது. சுரங்கத்துக்குள் தண்ணீரை விட்டு உப்பைக் கரைப்பார்கள். பிறகு அந்தக் கரைசலைக் குழாய் வழியே கீழே கொண்டுவந்து காய்ச்சுவார்கள். பக்கத்து ஊரான ஹால்ஷ்டாட்டிலிருந்து எபன்சே வரை சுமார் 40 கிலோமீட்டருக்கு 1607-லேயே குழாய் போட்டுவிட்டார்கள். இரும்பில் அல்ல, 13,000 மரங்களைக் குடைந்து! கடல் நீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு என்றால், இந்தக் கரைசலில் 300 கிராமுக்கும் மேல்.

19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜோசஃப் கோட்ஸ் என்ற ஊர் டாக்டர், உப்புத் தொழிலாளர்களுக்கு இந்தக் கரைசலில் குளியல் கொடுத்துப் பார்த்தார். மூட்டு வலியும் தோல் நோயும் குறைவதைக் கவனித்தார். வியன்னாவின் பெரிய டாக்டர் ஃபிரான்ஸ் விரர் இதைக் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். 1823 முதல் வெளியூர்க்காரர்களும் குளிக்க வர ஆரம்பித்தார்கள். ஆக, இந்த ஊரின் வைத்தியம் ராஜாவிடமிருந்து வரவில்லை. உழைத்துக் களைத்த கூலிக்காரர்களின் உடம்பிலிருந்து வந்தது!

‘உப்பு இளவரசர்கள்’

1824-ல் கல்யாணமான சோஃபியை இங்கே அனுப்பியவர் விரர்தான். 1830-ல் ஃபிரான்ஸ் ஜோசப் பிறந்தார். 1832-ல் மேக்ஸிமிலியன், 1833-ல் கார்ல் லுட்விக். ஊரார் இவர்களுக்கு வைத்த பெயர் ‘உப்பு இளவரசர்கள்’. அப்புறம் கேட்க வேண்டுமா? பிரபுக்களும் பணக்காரர்களும் படையெடுத்தார்கள்.

மியூசியமாக இருக்கும் அதே வீட்டில்தான் 1853 ஆகஸ்டில் மாப்பிள்ளை ஃபிரான்ஸ் ஜோசப்பின் பெண் பார்க்கும் படலம் நடந்தது. அம்மா சோஃபி பார்த்து வைத்தது அக்கா ஹெலனை. மாப்பிள்ளைக்குப் பிடித்துப் போனதோ 15 வயதுத் தங்கை எலிசபெத்தை! அங்கேயே நிச்சயமும் ஆனது. பெண், சோஃபியின் சொந்தத் தங்கை மகள். நம் முறைப்படி அண்ணன் தங்கை!

உண்மை எது?

சரி, உப்புத் தண்ணீர் பிள்ளை கொடுக்குமா? கொடுக்காது. குளித்த பிறகு பிறந்தது என்பது வேறு, குளித்ததால் பிறந்தது என்பது வேறு. காரணம் புரியாமல் அடுத்தடுத்துக் கருச்சிதைவு ஆனவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர், விசேஷ மருந்து ஏதுமில்லாமலே பிறகு குழந்தை பெறுகிறார்கள் என்பது இன்றைய மருத்துவம் அறிந்த விஷயம். இஷ்லுக்கு வந்து குளித்தும் பலனில்லாமல் திரும்பியவர்களுக்கு ஊர் எந்தப் பட்டமும் சூட்டவில்லை. பலித்த கதைதான் பரவும். இதை மனதில் வைத்துக்கொண்டு மியூசியத்தைச் சுற்றிப் பாருங்கள், நிறைய விஷயம் விளங்கும்.

அதற்காக உப்புக் குளியல் வெறும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. வெதுவெதுப்பான நீர் மூட்டு இறுக்கத்தைத் தளர்த்தும். சோரியாசிஸ் நோய்க்கு உப்புக் குளியலோடு ஒளி சிகிச்சையும் சேர்த்துத் தருகிறார்கள், பலன் உண்டு. ஆனால் இதய நோய், ரத்த அழுத்தம், ஆறாத புண் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. குடிப்பதோ கூடவே கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் உப்பு சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தண்ணீர் மீது வைத்த நம்பிக்கைக்கு அந்தக் குடும்பமே விலை கொடுத்த கதையும் உண்டு. மூன்றாவது இளவரசர் கார்ல் லுட்விக், யாத்திரை போன இடத்தில் புனிதம் என்று ஜோர்டான் நதி நீரைக் குடித்தாராம். டைஃபாய்டு வந்து 1896-ல் இறந்தார். அவருடைய மகன் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டை 1914-ல் சுட்டுக் கொன்றபோதுதான், பெரியப்பா ஃபிரான்ஸ் ஜோசப் இதே இஷ்லில் உட்கார்ந்து போர் அறிக்கையில் கையெழுத்திட்டார். முதல் உலகப் போர் அப்படித்தான் மூண்டது.

நீங்கள் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ குழந்தைக்காக ஏங்கும் பெண் இருக்கலாம். ஒரு வருஷம் முயன்றும் கரு உண்டாகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும், காத்திருக்க வேண்டாம். முக்கியமாக, கணவனும் மனைவியும் சேர்ந்தே போக வேண்டும். ஆணிடம் குறை இருப்பது சர்வ சாதாரணம். அதைக் கண்டுபிடிக்கும் விந்துப் பரிசோதனை வலி இல்லாதது, எளிதானது. அதைச் செய்யாமல் மனைவியை மட்டும் ஊசி, மருந்து, கோயில், குளம் என்று அலைக்கழிப்பது நியாயமா?

மருமகளாக வந்து ஆறு வருஷம் அத்தனை பேருடைய பார்வையையும் தாங்கிய சோஃபிக்கு அன்று வேறு வழி தெரியாது. இன்று நமக்குத் தெரியும். அடுத்த முறை ஒரு பெண்ணிடம் ‘விசேஷம் உண்டா?’ என்று கேட்க வாயெடுக்கும்போது, அந்தக் கேள்வியை அப்படியே விழுங்கிவிடுங்கள். அவளுக்கு அதைவிடப் பெரிய ஆறுதல் வேறில்லை!