கார் ஆம்ப்ளிபையர்: வயரில் சிக்கனம் வேண்டாம்

ஈப்போ நகரிலும் சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் காரின் பூட்டில் ஆம்ப்ளிபையரும் வூபரும் பொருத்திப் பாட்டுக் கேட்பதில் நம் இளைஞர்களுக்குத் தனி ஆசை உண்டு. ஆம்ப்ளிபையருக்கு நூற்றுக்கணக்கில் ரிங்கிட் செலவழிப்பவர்கள், அதற்கு மின்சாரம் கொண்டுபோகும் வயரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பாஸ் அடிக்கும்போது முன்விளக்கு மங்குவது ஓர் அறிகுறி. வயர் சூடாகித் தீப்பிடிப்பதுதான் உண்மையான ஆபத்து.

எவ்வளவு ஆம்பியர்?

பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் '2000 வாட்ஸ்' கணக்கை நம்ப வேண்டாம். 'ஆர்எம்எஸ்' என்று போட்டிருக்கும் வாட்ஸைப் பாருங்கள். 500 வாட்ஸ் தரும் 'கிளாஸ் டி' ஆம்ப்ளிபையர் முழு வேகத்தில் ஏறக்குறைய 45 ஆம்பியர் இழுக்கும். பழைய 'கிளாஸ் ஏபி' வகை என்றால் 70 ஆம்பியரைத் தாண்டும்.

எந்த அளவு வயர்?

கேஜ் எண் குறையக் குறைய வயர் தடிக்கும். 8 கேஜ் வயரில் 8 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகச் செம்பு இருக்கும். 4 கேஜில் 21 இருக்கும். பேட்டரியிலிருந்து பூட்டுக்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 45 ஆம்பியர் ஓடும்போது 8 கேஜ் வயரிலேயே அரை வோல்ட் வரை போய்விடும். 4 கேஜில் 0.2 வோல்ட்டுக்கும் குறைவுதான்.

மலிவு வயர்களில் பல, அலுமினியத்தின் மேல் செம்பு பூசியவை. 'சிசிஏ' என்பார்கள். 4 கேஜ் சிசிஏ வயர், ஏறக்குறைய 6 கேஜ் செம்பு வயரின் வேலையைத்தான் செய்யும். ஓர் இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். அதைத்தான் போடுவதென்றால் ஓர் அளவு தடிப்பானதாக வாங்குங்கள்.

பியூஸ் எங்கே?

ஆம்ப்ளிபையரில் இருக்கும் பியூஸ் அந்தப் பெட்டியை மட்டும்தான் காக்கும். வழியில் இருக்கும் 5 மீட்டர் வயரைக் காக்க, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் தனி பியூஸ் வேண்டும். செம்பு வயர் என்றால் 8 கேஜுக்கு 50 ஆம்பியர், 4 கேஜுக்கு 100 ஆம்பியருக்கு மேல் போக வேண்டாம். சிசிஏ என்றால் இன்னும் குறைக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று பெரியதை மாட்டுவது தீயை வரவழைப்பதற்குச் சமம். இன்ஜின் பக்கமிருந்து வயர் உள்ளே நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு நாளடைவில் வயரின் தோலை அறுத்துவிடும்.

எர்த் வயர்

போன மின்சாரம் முழுவதும் திரும்பி வர வேண்டும். ஆகவே எர்த் வயரும் பவர் வயரின் அதே தடிப்பில், அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பெயிண்டைச் சுரண்டி, தகடு பளிச்சென்று தெரிந்த பிறகு போல்ட் போட்டு இறுக்குங்கள். பழைய சாகா போன்ற கார்களில் துருப்பிடிக்காத இடமாகத் தேடுங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொட வேண்டாம். இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரில் 'உய்ங்' என்று சத்தம் ஏறினால், முதலில் எர்த்தைச் சோதியுங்கள். பெரிய ஆம்ப்ளிபையர் என்றால், பேட்டரியிலிருந்து கார் பாடிக்குப் போகும் எர்த் வயரையும் தடிப்பாக்க வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள். கடையில் கொடுத்துச் செய்வதானால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: வயர் முழுச் செம்பா? பேட்டரி பக்கம் பியூஸ் உண்டா? இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு கடையைப் பாருங்கள்.