கன்வெர்ட்டரைக் கெடுத்தது யார்?

இன்ஜின் செக் லைட் எரிகிறது. ஸ்கேனரை மாட்டியதும் ‘பி0420’ என்று திரையில் வருகிறது. வினையூக்கியின் செயல்திறன் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். பல ஒர்க்‌ஷாப்புகளில் விசாரணை அத்தோடு முடிந்துவிடுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். பெரிய தொகை கைமாறுகிறது. சில மாதங்கள் கழித்து மீண்டும் அதே விளக்கு, அதே குறியீடு.

கன்வெர்ட்டர் தானாகக் கெடுவது அரிது. ஓடித் தேயும் பாகம் எதுவும் அதற்குள் கிடையாது. அது செத்தால், பெரும்பாலும் இன்ஜின்தான் கொன்றிருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதியதை மாட்டுவது வீண் செலவு.

இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், சைலன்சருக்கு முன்னால் இருக்கும் உலோகப் பெட்டி இது. உள்ளே பீங்கானால் ஆன ஒரு கட்டி. அதன் குறுக்கே தேன்கூட்டைப் போல நெருக்கமாக நுண்துளைகள். ஒரு சதுர அங்குலத்தில் 400 துளைகள் இருப்பது சாதாரணம். துளைச் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை மிக மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். நச்சான கார்பன் மோனாக்சைடு இங்கே கார்பன் டை ஆக்சைடாகிறது. எரியாமல் தப்பிவந்த பெட்ரோல் நீராவியாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறுகிறது. நைட்ரஜன் ஆக்சைடுகள் வெறும் நைட்ரஜனாகப் பிரிகின்றன. ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறிய பிறகே இந்த வேலை தொடங்கும்.

இந்தியாவில் 1995 ஏப்ரல் 1 முதல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானது. ஈயமில்லாத பெட்ரோலும் அப்போதே அங்கு வந்தது. ஈயம் அந்த உலோகப் பூச்சின் மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்துவிடும் என்பதால் ஒன்றில்லாமல் மற்றொன்று சாத்தியமில்லை. 2000ஆம் ஆண்டில் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. நம் நகரங்களின் காற்றுக்குக் கிடைத்த பெரிய நன்மைகளில் அதுவும் ஒன்று.

ஈயம் போனாலும் வேறு எதிரிகள் இருக்கிறார்கள். முதல் எதிரி மிஸ்ஃபயர். ஒரு சிலிண்டரில் ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ பழுதானால், அங்கே எரிய வேண்டிய பெட்ரோல் அப்படியே குழாய்க்குள் போய் கன்வெர்ட்டருக்குள் எரிகிறது. வெப்பம் அளவு மீறி ஏறினால் பீங்கான் உருகத் தொடங்கி, துளைகள் அடைந்துபோகும். செக் லைட் நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். மின்னினால் மிஸ்ஃபயர் கன்வெர்ட்டரை அழித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பாதுகாப்பான இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட வேண்டும். சில நூறு ரூபாய் பிளக்கை மாற்றாமல் தள்ளிப்போட்டவர்கள் கன்வெர்ட்டருக்குப் பல ஆயிரம் கொடுப்பது இதனால்தான்.

ஆயில் குடிக்கும் இன்ஜின் இரண்டாவது எதிரி. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் பூச்சின் மேல் படலமாகப் படிகிறது. ஹெட் கேஸ்கெட் வழியே கசியும் கூலன்டும் இதே கெடுதலைச் செய்யும்.

இனி, நோயறியும் முறை. கன்வெர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் ஆக்சிஜன் சென்சார் இருக்கும். வழக்கமான வகையில், இன்ஜின் சூடான பிறகு முன் சென்சாரின் அளவு 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள சென்சாரோ 0.6, 0.7 வோல்ட் அளவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். பின் சென்சாரும் முன்னதோடு சேர்ந்து ஆடினால், ஆக்சிஜனைச் சேமித்துவைக்கும் திறன் கன்வெர்ட்டருக்குப் போய்விட்டது என்று சந்தேகிக்கலாம். ஆனால் புகைக்குழாயில் சிறு விரிசல் இருந்து வெளிக்காற்று புகுந்தாலும், சென்சாரே கெட்டிருந்தாலும் இதே குறியீடு வரக்கூடும். மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

பிக்கப் குறைந்து, வேகம் ஏறாமல் வண்டி திணறினால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். முன் சென்சாரைக் கழற்றி, அந்த இடத்தில் பிரஷர் கேஜைத் திருகிப் பார்க்கலாம். 2,500 ஆர்பிஎம்மில் 3 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் புகை போக வழியில்லை என்று அறியலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு பெட்டியை ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருகிறதா? அப்படியானால் பீங்கான் உடைந்திருக்கிறது. கற்களில் இடிபட்டோ, கொதிக்கும் சூட்டில் வெள்ளத்துக்குள் இறங்கியோ உடைந்திருக்கலாம்.

கழற்றிய கன்வெர்ட்டரை உரிமையாளர் அவசியம் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் காரணம் ஓரளவு தெரிந்துவிடும். துளைகள் உருகிக் கட்டியாகியிருந்தால் மிஸ்ஃபயரையோ அளவு மீறிய பெட்ரோலையோ தேட வேண்டும். முகப்பில் சாம்பல் படிந்திருந்தால் ஆயில் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்த பிறகுதான் புதியது. டேங்கில் ஊற்றும் கிளீனர்கள் உருகிய பீங்கானை மீட்கப்போவதில்லை. மலிவான மாற்றுப் பாகங்களில் விலையுயர்ந்த உலோகம் குறைவாக இருந்தால், விளக்கு விரைவிலேயே திரும்பிவரும்.

உள்ளே இருப்பதைத் தட்டி எடுத்துவிட்டு வெறும் குழாயாக ஓட்டச் சொல்பவர்களும் உண்டு. அப்படி ஓட்டினால் மாற்றப்படாமல் வெளியேறும் நச்சு, பின்னால் வரும் பைக்காரரின் நுரையீரலுக்கும் சாலையோரக் கடைக்காரரின் நுரையீரலுக்கும் போகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்படி, மாசு வரம்பை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

பழைய கன்வெர்ட்டரை ஒர்க்‌ஷாப்பிலேயே இலவசமாக விட்டுவிட்டு வரக் கூடாது. 2021இல் ஓர் அவுன்ஸ் ரோடியத்தின் விலை 25,000 டாலரைத் தாண்டியது. குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் ஈகோ வேன்களின் சைலன்சர்கள் களவுபோனது அவற்றோடு இணைந்த கன்வெர்ட்டருக்குள் இருக்கும் இந்த உலோகங்களுக்காகத்தான். விலை இப்போது இறங்கியிருந்தாலும், செத்த கன்வெர்ட்டரிலும் உலோகம் மிச்சமிருக்கும். அதன் மதிப்பைப் பில்லில் கழிக்கச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.