சுவாமிமலைத் தூணும் பிரான்சினாவின் காதலும்

திருக்கோணமலைக்குச் செல்வோர் பிரெடரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, மான்கள் மேயும் சாலை வழியே மேலேறிக் கோணேசப் பெருமானை வணங்குவர். பின்னர் இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துத் தலை சுற்றி நிற்பர். அவ்வளவில் திரும்பிவிடுவோரே பலர். மலையுச்சியில் ஒல்லாந்தர் காலத்துக் கற்றூண் ஒன்று உண்டு என்பதையும், ஆங்கிலேயர் அப்பாறைக்குக் 'காதலர் பாய்ந்த இடம்' எனப் பெயர் சூட்டியிருந்தனர் என்பதையும் நம்மவரிற் சிலரே அறிவர்.

அத்தூணைப் பற்றிய கதை உருக்கமானது. ஒல்லாந்தக் கனவான் ஒருவரின் மகள் பிரான்சினா வான் றீட. அவள் கோட்டையிற் பணி புரிந்த இளம் அதிகாரி ஒருவன்மீது காதல் கொண்டாள். அவனும் மணப்பதாக வாக்களித்தான். சேவைக்காலம் முடிந்ததும் வாக்கை மறந்து தாயகம் செல்லக் கப்பலேறினான். பாய்க்கப்பல் எதிர்க்காற்றில் நேரே செல்ல இயலாதன்றோ? அது வலமும் இடமுமாக வளைந்து வளைந்தே முன்னேறும். அவ்வாறு வளைந்த கப்பல் மலைக்கு எதிரே இரண்டாம் முறை வந்தபோது, கைவிடப்பட்ட அம்மங்கை அவன் கண்காணக் கடலில் வீழ்ந்து மாண்டாள் என்பது கதை. இலங்கையிலே குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த சேர் எமேர்சன் தெனன்ற் 1859ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலில் இதனை எழுதினார். பின்வந்த பயண நூலாரும் அவர் சொன்னதையே சொல்லி வரலாயினர்.

கதையை ஒரு புறம் வைத்துக் கல்லை நோக்குவோம். அதிலே பொறித்திருப்பது ஒல்லாந்த மொழியிற் சில சொற்களே. மைட்றெக்ற் சீமாட்டியான பிரான்சினா வான் றீடவின் நினைவாக 1687ஆம் ஆண்டு ஏப்பிரல் 24ஆந் திகதி நாட்டப்பட்டது என்பதே அதன் பொருள். காதலன் பெயரில்லை; கப்பல் இல்லை; மரணத்தைக் குறிக்கும் சொல் ஒன்றுதானும் இல்லை.

யார் இந்தப் பிரான்சினா? மைட்றெக்ற் என்பது ஒல்லாந்திலுள்ள ஓர் ஊர். அதன் பிரபு என்னும் பட்டத்தை உடையவராயிருந்தவர் ஹென்றிக் வான் றீட. இவரைத் தமிழர் அறிந்திருத்தல் வேண்டும். 1670 முதல் 1677 வரை கொச்சியிலிருந்து மலையாளக் கரையை ஆண்ட இவர், அந்நாட்டு மூலிகைகளைப்பற்றிப் பன்னிரண்டு பெருந் தொகுதிகள் கொண்ட நூலொன்றை ஆக்குவித்தார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' எனப்படும் அந்நூல் 1678 தொடக்கம் 1693 வரை அம்ஸ்ரடாமில் வெளிவந்தது. பரம்பரை வைத்தியரான இட்டி அச்சுதன் என்பவர் தம் ஏட்டறிவைத் தந்திராவிடின் அந்நூல் உருவாகியிராது. அதற்கு அவர் அளித்த சான்றுரையும் முதற்றொகுதியிலேயே அச்சாகியுள்ளது.

வான் றீட மணம் புரியாதவர். பிரான்சினா அவருடைய வளர்ப்பு மகள். கீழைத்தேய நிலையங்களில் ஊழலை ஒழிக்கும்படி ஒல்லாந்தக் கம்பனி 1684ஆம் ஆண்டில் அவரைப் பேராணையாளராக்கி அனுப்பியபோது பிரான்சினாவும் அவருடன் புறப்பட்டாள். ஊழலைத் துருவ வந்த அதிகாரியின் மகள் என்றால் கோட்டைகள் தோறும் எத்தகைய உபசாரம் நடந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம்! அத்தகைய உபசாரங்களுள் ஒன்றாகவே தூணும் எழுந்திருக்கலாம் என்பது என் கருத்து. ஒருவர் வருகையை நினைவூட்டவும் கல் நாட்டுவதுண்டு.

வான் றீட 1691ஆம் ஆண்டு டிசெம்பரில், சூரத்துக்குச் செல்லும் கப்பலிலே காலமானார். சூரத்திலே அவருக்கு எடுத்த கல்லறை மாளிகை இன்றும் காண்போரை வியக்க வைப்பது. பிரான்சினாவோ கல் நாட்டிய பின்னரும் பல ஆண்டுகள் வாழ்ந்தாள், திருமணமும் செய்துகொண்டாள். ஒல்லாந்தரின் பழைய ஆவணங்களை ஆராய்ந்தோர் இதை வெளிப்படுத்தி நெடுங்காலமாயிற்று. ஆயினும் கதை சாகவில்லை. பிரான்சினாவைத்தான் ஆண்டு தோறும் சாகடித்து வருகிறது.

இது ஏன்? 'நினைவாக' என்று கல்லிற் கண்டதும் இறந்தவர் நினைவு என்றே மனம் எண்ணிவிடுகிறது. அருகிலே அச்சுறுத்தும் மலைச்சரிவு. கீழே அலை மோதும் ஆழ்கடல். மிகுதியைக் கற்பனை நிரப்பிற்று. கிரேக்க நாட்டிலே லெவுக்காஸ் தீவின் பாறையிலிருந்து, பாஓன் என்னும் ஓடக்காரன்மேற் கொண்ட காதலாற் சாப்போ என்ற பெண்பாற் புலவர் வீழ்ந்தார் என்பதும் இதே வார்ப்பிலமைந்த கதைதான். அதையும் அறிஞர் வரலாறாகக் கொள்வதில்லை. கைவிட்டவன் கப்பலேறிப் போய்ச் சுகமாக வாழ, கைவிடப்பட்டவள் மாத்திரம் மாளவேண்டும் என்று இக்கதைகள் ஒரே குரலில் விதிக்கின்றன. காதலை மெச்சுவதாகக் கூறும் இக்கதைகளின் நீதி எனக்கு உவப்பானதன்று. அப்படி ஒரு காதலன் இருந்தே இருந்தாலும், பிரான்சினா அவனை மறந்து, கடல் கடந்து, வேறொருவருடன் இல்லறம் நடத்தினாள் என்பதிற் குறை என்ன? அது பாட்டுக்கு உதவாதிருக்கலாம், பெண்ணுக்கு உதவிற்று.

தூணைப்பற்றி இன்னும் ஒரு செய்தி உண்டு. கோணேசர் கோயிலை 1622ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா இடித்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை கட்டினான். தப்பிய கோயிற்றூண்களுள் ஒன்றையே ஒல்லாந்தர் எடுத்துத் தம் எழுத்தைப் பொறித்தனர் என்று கூறுவர். அவ்வாறாயின், ஈசனுக்கென்று உள்ளூர்ச் சிற்பி செதுக்கிய கல்லிலே, கப்பலில் வந்திறங்கிய விருந்தினள் ஒருத்தியின் பெயர் ஏறியிருக்கிறது. அவளைக் கொன்ற பொய்க்காதலைப் பாடுவோர், அந்தச் சிற்பியைப்பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடற்காற்றில் எழுத்துக்கள் தேய்ந்து வருகின்றன; உளியாற் செதுக்கிய தூண் நிற்கிறது.