கைக்கு வராத கூலி

முதுநகரில் எங்கள் தெருக்காரர் ஒருவர். சிப்காட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக வேலை. அப்பா விட்டுப்போன பட்டா இடத்தில் ஓட்டு வீடு. 2011 தானே புயலில் பறந்த ஓடுகளுக்குப் பதிலாக இன்னும் தார்ப்பாய்தான். பிரதம மந்திரி வீட்டு வசதித் திட்டத்துக்கு மனுக் கொடுக்க அவரோடு நானும் போயிருந்தேன். சம்பளச் சீட்டைப் பார்த்த எழுத்தர், ‘வரம்பத் தாண்டுது’ என்று திருப்பிக் கொடுத்தார். வெளியே வந்ததும் அவர் சொன்னார்: ‘நான் கண்ணால பாக்காத காசுப்பா அது. அத வச்சி எனக்கு வீடு கெடையாதுங்கறான்.’

நாவலையும் கவிதையையும் கட்டுடைக்கிற நாம் சம்பளச் சீட்டை ஒரு பிரதியாக வாசித்ததில்லை. இப்போது வாசிப்போம்.

மேல் வரியில் மொத்தச் சம்பளம் 25,500 ரூபாய். கீழே வருங்கால வைப்பு நிதிக்கு, அதாவது பி.எப்.புக்கு, 15,000 ரூபாய்க்கு 12 விழுக்காடு வீதம் 1,800 பிடித்தம். சில்லறைப் பிடித்தங்களை விட்டுவிட்டால் கைக்கு வருவது 23,700. வருஷக் கணக்கில் மேல் வரி 3,06,000. கீழ் வரி 2,84,400. 2024 செப்டம்பரில் தொடங்கிய நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், சொந்த இடத்தில் வீடு கட்ட உதவி பெறக் குடும்ப வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். கீழ் வரியை வாசித்தால் அவர் ஏழை. மேல் வரியை வாசித்தால் ஏழை அல்ல. எழுத்தர் மேல் வரியை வாசித்தார். வரம்பைத் தாண்டியவருக்கு வட்டி மானியம் உண்டு. அதற்கு முதலில் கடன் வாங்கவேண்டும்.

அந்த 1,800 ரூபாய் அவர் விரும்பிப் போட்ட சேமிப்பல்ல, சட்டம் பிடித்தது. முதலாளியும் 12 விழுக்காடு போடவேண்டும், அதில் 8.33 ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. அந்த ஓய்வூதியத்துக்கு 2014-இல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1,000 ரூபாய். ஆகவே தொழிலாளியின் முதுமை பெரும்பாலும் அவருடைய சொந்தப் பிடித்தத்தை நம்பித்தான். நாளைய சோறு இன்றைய வருமானமாக எண்ணப்படுகிறது.

இதே பணத்தை அரசு வேறு இடத்தில் வேறு விதமாக வாசித்திருக்கிறது. வருமான வரியின் பழைய முறையில் பி.எப். பங்கை, ஒன்றரை லட்சம் என்ற உச்சவரம்புக்குள், வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு அது வருமானமில்லை. ஓடு மாற்ற வழியில்லாதவருக்கு அது வருமானம்.

‘பி.எப்.புலயே வீட்டுக்குப் பணம் எடுக்கலாமே’ என்று நண்பர்கள் கேட்கலாம். எடுக்கலாம், விதியில் இடமிருக்கிறது. ஆனால் கூரை போட்ட காசு கிழவனுக்குச் சோறு போடாது. உறைவிடம், முதுமை என்ற இரண்டு பொறுப்புகளையும் ஒரே ரூபாயின் தலையில் கட்டுகிற ஏற்பாடு அது.

இன்னொரு விளைவு மோசமானது. சீட்டு இல்லாமல் ரொக்கக் கூலி வாங்குபவரின் வருமானம் எந்தத் தாளிலும் இல்லை. ‘பி.எப். எதுக்கு, முழுசா கையில வாங்கிக்க’ என்கிற ஒப்பந்தக்காரரின் பேச்சு அப்போது நியாயமாகத் தோன்றும். போராடிப் பதிவேட்டில் ஏறியவரை அந்தப் பதிவே காட்டிக்கொடுக்கிறது. ஆனால் இதைச் சாக்காக வைத்துச் சீட்டில்லாதவரைச் சந்தேகிப்பது நம் வேலையல்ல. இருவருக்கும் வீடு வேண்டும்.

வேறு கணக்கு சாத்தியமா? பிரிட்டனில் ஹவுசிங் பெனிஃபிட் என்னும் வாடகை உதவிக்கு வருமானம் பார்க்கும்போது, தொழிலாளி கட்டும் ஓய்வூதியப் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். 2013-இல் வந்த யுனிவர்சல் கிரெடிட்டில் முழுவதையும் கழிக்கிறார்கள். அங்கே முதுமைக்கு ஒதுக்கினால் வாடகை உதவி கூடலாம். இங்கே வீடு போகிறது.

வரம்புகள் இயற்கை விதிகள் அல்ல. இதே திட்டத்தின் கிராமப்புறப் பிரிவில் மோட்டார் படகு இருந்தாலே வீடு கிடையாது என்றிருந்தது. 2024-இல் அதை நீக்கினார்கள். மாத வருமான வரம்பையும் 10,000-லிருந்து 15,000 ஆக்கினார்கள். துறைமுகத்து ஊரில் இருக்கிற நமக்கு இது தெரிந்திருக்கவேண்டும். இப்போது கேட்கவேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: ‘வருமானம் என்பது சட்டப்படியான பிடித்தங்கள் போகக் கைக்கு வருவது’. தொழிற்சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்கட்டும்.

தெருக்காரரின் மனு என் மேசையில் இருக்கிறது. கீழ் வரியை அடிக்கோடிட்டு மறுபடியும் கொடுக்கப்போகிறோம்.