ஆட்டுத் தீவனத்தில் நொதி: காசு போட்டு வாங்கலாமா?

கோலகுபு பாருவுக்கும் தஞ்சோங் மாலிமுக்கும் இடையே உள்ள கெர்லிங் வட்டாரத்தில், தோட்டத்துக் குடும்பங்களுக்கு ஆடு என்றால் கையிருப்புப் பணம். பள்ளிச் செலவோ கலியாணமோ வந்தால் கண் முதலில் கொட்டகைப் பக்கம்தான் போகும்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடங்களில் தீவனத்துக்கும் வழி பிறந்தது. வெட்டிப்போட்ட மட்டை காலடியில் கிடக்கிறது. ஆலையிலிருந்து செம்பனைப் பருப்புப் புண்ணாக்கு வருகிறது. ஆனால் இரண்டிலும் நார் அதிகம். வயிறு நிறைந்தாலும் உடம்பு ஏறுவதில்லை. இந்தக் குறையைத் தீர்க்கும் என்று சொல்லித்தான் ‘என்சைம்’ எனும் நொதித் தூள் விற்கப்படுகிறது.

நொதி என்றால் என்ன?

சோற்றை மெல்ல மெல்ல இனிக்கிறதல்லவா? எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதே காரணம். தீவன நொதி அதுபோல நாரை உடைக்கிறது.

ஆனால் ஆட்டின் வயிற்றில் நான்கு அறைகள். பெரிய அறையில் வாழும் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் இந்த நொதிகளைத் தாமே சுரக்கின்றன. கோழிக்கு அந்த வசதி இல்லை. ஆகவே புண்ணாக்கோடு நொதி சேர்ப்பதால் கோழிக்குக் கிடைக்கும் பலன் ஆட்டுக்கும் அப்படியே கிடைக்குமென்று நம்பிவிடக் கூடாது. ஆடுமாடுகளில் நடந்த சோதனைகள் சிலவற்றில் பலன் தெரிந்தது; சிலவற்றில் தெரியவில்லை. மேலும், மட்டையைக் கட்டையாக்கும் ‘லிக்னின்’ என்ற பொருளை இந்த நொதிகளால் உடைக்க முடியாது.

முதலில் செய்ய வேண்டியது

1969இல் அமைக்கப்பட்ட மார்டி ஆராய்ச்சிக் கழகம், மட்டையைக் கால்நடைத் தீவனமாக்கும் வழிகளை ஆராய்ந்திருக்கிறது. பச்சை மட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடிப் புளிக்க வைப்பது அவற்றில் ஒன்று. மருந்து தெளித்த இடத்து மட்டையை எடுக்காதீர்கள்.

பிறகும் நொதியைச் சோதித்துப் பார்க்க விரும்பினால், அசைபோடும் கால்நடைக்கு உரியதா என்று பொட்டலத்தில் பாருங்கள். அதில் சொன்ன அளவைத் தண்ணீரில் கரைத்து, தீவனத்தின் மேல் தெளித்துப் பிசறிக் கொடுங்கள். வெந்நீர் வேண்டாம், சூட்டில் நொதி கெட்டுவிடும். ஒரே வயது, ஒரே எடையுள்ள ஆடுகளை இரு பங்காகப் பிரித்து, ஒரு பங்குக்கு மட்டும் இரண்டு மாதம் கொடுத்து நிறுத்துப் பாருங்கள். கூடிய எடையின் விலை, தூள் வாங்கிய வெள்ளியைவிட அதிகமாக இருந்தால் தொடருங்கள்.

ஓர் எச்சரிக்கை

புண்ணாக்கில் செம்புச் சத்து உண்டு. அது செம்மறியாட்டின் ஈரலில் சேர்ந்து உயிரையே பறிக்கும். வெள்ளாடு அதைவிடத் தாங்கும். என்றாலும் புண்ணாக்கையே முழுத் தீனியாக்காமல் புல்லும் தழையும் சேருங்கள். கண் மஞ்சளித்து, சிறுநீர் சிவந்து கறுத்தால் உடனே புண்ணாக்கை நிறுத்திவிட்டுக் கால்நடை இலாகாவை நாடுங்கள். இந்த நஞ்சுக்கு நொதி மருந்தாகாது.