ஒரே பார்ட்டியை நம்பிய சிப் வியாபாரம்

"ஒரு பெரிய பார்ட்டி போதும், மாதம் தவறாமல் ஆர்டர் வந்துவிடுகிறது" என்று நிம்மதியாக இருக்கும் மொத்த வியாபாரிகள் நம்மிடையே பலர் உண்டு. அவர்கள் அவசியம் அறிய வேண்டிய வியாபாரக் கதை இது. சரக்கு, விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சிப்.

கைப்பேசி, பில் மெஷின், கார்டு மெஷின் எல்லாவற்றிலும் ஒரு நுண்செயலி இருக்கிறது. பேட்டரி தருவது சுமார் 3.7 வோல்ட். நுண்செயலியின் உட்பகுதி கேட்பதோ சுமார் 1 வோல்ட்தான். நினைவகத்துக்கு ஓர் அளவு, திரைக்கு வேறோர் அளவு. எதற்கு முதலில், எதற்குப் பிறகு என்ற வரிசையும் உண்டு. வரிசை தப்பினால் இயந்திரம் கிளம்பாது. சிப்பே கெட்டுப்போகவும் கூடும். வேலை இல்லாத பகுதிக்கு மின்சாரத்தைக் குறைத்து பேட்டரியை மிச்சப்படுத்தவும் வேண்டும். இவை அத்தனையையும் கவனிப்பதே 'பவர் மேனேஜ்மென்ட் சிப்'. லாரியில் வந்த மூட்டையைப் பிரித்து, கடைக்குக் கடை வேண்டிய அளவில் அனுப்பும் மொத்தக்கடை வேலைதான் இதுவும்.

இந்தச் சரக்கில் பெயர் பெற்றது, இங்கிலாந்தின் ரெடிங் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட டயலாக் செமிகண்டக்டர் நிறுவனம். ஐபோனுக்கு இந்தச் சிப்பைக் கொடுத்தது. 2017இல் அதன் விற்பனையில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆப்பிள் ஒன்றிடமே நடந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் ஒரு செய்தி கிளம்பியது: ஆப்பிள் இனி இந்தச் சிப்பைத் தானே வடிவமைக்கப் போகிறது! அதற்கான திறமையும் வசதியும் ஆப்பிளுக்கு உண்டு என்று டிசம்பரில் டயலாக்கே ஒப்புக்கொண்டது. பங்கு விலை மளமளவென்று சரிந்தது.

டயலாக் வாடிக்கையாளரோடு சண்டைக்குப் போகவில்லை; பேசி முடித்தது. 2018 அக்டோபரில் 60 கோடி டாலருக்கு ஒப்பந்தம். தொழில்நுட்ப உரிமைக்கும், ஆப்பிளுக்கு மாறும் 300க்கு மேற்பட்ட பணியாளர்களுக்கும் மற்ற சொத்துகளுக்குமாக 30 கோடி ரொக்கம். அடுத்த 3 ஆண்டுகளில் கொடுக்கவிருக்கும் சரக்குக்கு முன்பணம் 30 கோடி. போகிற வாடிக்கையாளரிடமே முன்பணம் வாங்கிய சாமர்த்தியத்தைக் கவனியுங்கள்!

வேறு சரக்குகளிலும் அது கவனம் செலுத்தியது. 2017இல் சைலெகோ, 2020இல் அடெஸ்டோ என்ற நிறுவனங்களை வாங்கியது. 2021இல் ஜப்பானின் ரெனசாஸ், சுமார் 490 கோடி யூரோ கொடுத்து டயலாக்கையே வாங்கிக்கொண்டது. 2023இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 5 என்ற சிறு கணினிப் பலகையில் இருப்பது ரெனசாஸின் பவர் சிப்தான். 8 தனித்தனி மின்வழங்கிகள் அந்த ஒரு சிப்புக்குள் அடக்கம்.

வணிகப் பெருமக்களே! இன்றிரவு கடையை அடைக்குமுன் பேரேட்டைப் புரட்டுங்கள். மொத்த விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே பெயரில் இருக்கிறதா? அந்தப் பார்ட்டி நாளை நேரே கொள்முதல் செய்யத் தொடங்கினால், உங்கள் கிடங்குச் சரக்கு யாருக்குப் போகும்? ஆர்டர் தடையின்றி வரும்போதே அடுத்த வாடிக்கையாளரைத் தேடுங்கள்.