நகரங்களில் வீடற்றோர்: காரணங்களும் தீர்வுகளும்

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மனிதனின் அடிப்படைத் தேவைகள். முதலிரண்டும் இல்லாதவர் அவற்றை உழைத்துத் தேட முடிகிறது. மூன்றாவது இல்லாதவருக்கோ, உழைத்து ஈட்டியதை வைத்துக் காக்கவும் இடமில்லை. நம் நாட்டில் வீட்டுவசதி பற்றிய விவாதம் பெரும்பாலும் எத்தனை வீடுகள் தேவை, எத்தனை கட்டப்பட்டன என்ற கணக்கோடு முடிந்துவிடுகிறது. வீடே இல்லாதவர்களின் பிரச்சினை அக்கணக்கில் முழுமையாக அடங்குவதில்லை. தொழில் செய்யும் இடம், அரசு ஏற்கும் முகவரி, கட்டுப்படியாகும் வாடகை ஆகிய மூன்றோடும் அது பிணைந்துள்ளது.

வீடற்றோர் யார்?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களுக்குத் தெளிவான வரையறை வகுத்துள்ளது. கட்டடம் எதிலும் வாழாமல் சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்டுக் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, வழிபாட்டிடங்களின் திறந்தவெளி, இரயில் நிலைய நடைமேடை போன்ற இடங்களில் வாழும் குடும்பங்களே வீடற்ற குடும்பங்கள். குடிசைவாசிகள் இவ்வரையறையில் சேரார். எவ்வளவு எளியதாயினும் அவர்களுக்கு ஒரு கூரை உண்டு.

2011 பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு நடந்த கணக்கெடுப்பின்படி நாட்டில் 17.73 லட்சம் பேர் வீடற்றவர்கள். 2001-இல் இத்தொகை 19.43 லட்சமாக இருந்தது. மொத்தத்தில் குறைவு காணப்பட்டாலும், அதன் உட்பிரிவு வேறு கதையைச் சொல்கிறது. ஊரகங்களில் 11.65 லட்சமாக இருந்த தொகை 8.35 லட்சமாகக் குறைந்தது, நகரங்களில் 7.78 லட்சமாக இருந்தது 9.38 லட்சமாக உயர்ந்தது. பத்தே ஆண்டுகளில் வீடின்மை முதன்மையாக ஒரு நகரப் பிரச்சினையாக மாறிவிட்டது.

இந்த எண்களையும் குறைந்தபட்ச அளவாகவே கொள்ள வேண்டும். ஒரே இரவில் எண்ணும்போது, அந்த இரவு சந்தையில் மூட்டை இறக்கிக் கொண்டிருப்பவரும், அச்சத்தால் மறைவிடம் தேடிய பெண்ணும் விடுபட்டுப் போவர். டெல்லியில் 2000-ஆம் ஆண்டில் ஆஷ்ரய் அதிகார் அபியான் என்ற தன்னார்வ அமைப்பு தெருத்தெருவாகச் சென்று எண்ணியபோது 52,765 பேர் இருந்தனர். அடுத்த ஆண்டின் அரசுக் கணக்கில் அந்நகரின் வீடற்றோர் தொகை சுமார் 25 ஆயிரமே. கணக்கில் வராதவருக்கு நிதி ஒதுக்கீடும் வராது என்பதால் இவ்வேறுபாடு புள்ளிவிவர அளவோடு நின்றுவிடுவதன்று.

காரணங்கள்

வீடற்றோர் உழைக்காதவர்கள் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மை இதற்கு மாறானது. சுமை தூக்குவோர், மிதிவண்டி ரிக்‌ஷா ஓட்டுவோர், கட்டட வேலை செய்வோர், திருமண விருந்துகளில் பரிமாறுவோர், பழைய பொருள் பொறுக்குவோர் ஆகியோரே இவர்களில் மிகுதி. இவர்கள் தெருவுக்கு வரும் வழிகள் பல.

முதலாவது, ஊரகத்தின் நலிவு. நிலமின்மை, பருவந்தோறும் மாறும் வேலை, கடன், வறட்சி, ஆற்றங்கரை அரிப்பு ஆகியவை ஒருவரை ஊரைவிட்டு வெளியேற்றுகின்றன. நகரில் அவருக்கு நாள் கூலி கிடைக்கிறது. மாத வாடகையும் முன்பணமும் கொடுக்கும் வசதி கிடைப்பதில்லை.

இரண்டாவது, நகர நில விலையும் வாடகை வீடுகளின் பற்றாக்குறையும். நகர வீட்டுத் தட்டுப்பாட்டை ஆராய்ந்த தொழில்நுட்பக் குழு 2012-இல் மதிப்பிட்ட மொத்தப் பற்றாக்குறை 1.878 கோடி வீடுகள். அவற்றுள் சுமார் 1.5 கோடி, நெரிசலில் வாழும் குடும்பங்களின் தேவை. வீடற்ற குடும்பங்களின் தேவை 5.3 லட்சமே. அதே காலத்தில், 2011 கணக்கின்படி, நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் ஆளின்றிப் பூட்டிக் கிடந்தன. வீடும் ஆளும் ஒரே நகரில் இருந்தும், இரண்டையும் இணைக்கும் வாடகை முறை இல்லை.

மூன்றாவது, மாற்று ஏற்பாடின்றி நடைபெறும் அகற்றம். டெல்லியில் யமுனைக் கரையிலிருந்த புஷ்தா குடியிருப்புகள் 2004-இல் அகற்றப்பட்டன. மாற்றிடம் பெற்றவர்களில் பலர் நகரின் வடமேற்கு விளிம்பிலுள்ள பவானாவுக்கு அனுப்பப்பட்டனர். வேலை பழைய டெல்லியிலேயே தங்கிவிட்டது. அன்றாடக் கூலியில் பெரும்பங்கைப் பேருந்துக்குக் கொடுக்க இயலாதவர் வேலையிடத்திலேயே இரவைக் கழிப்பதில் வியப்பில்லை.

நான்காவது, குடும்பப் பிணைப்பு அறுந்துபோதல். கணவனால் கைவிடப்பட்ட பெண்கள், வன்முறைக்கு அஞ்சி வெளியேறியவர்கள், ஆதரவற்ற முதியோர், தொழுநோயாளர், மனநோயுற்று அலைவோர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களுக்குக் கூரை மட்டும் போதாது. மருத்துவமும் பராமரிப்பும் வேண்டும்.

இடர்கள்

தெருவில் வாழ்வது உடலைச் சிறிது சிறிதாக அழிக்கிறது. வடமாநிலங்களில் குளிரும், நாடெங்கும் கோடை வெப்பமும் மழையும் உயிரைப் பறிக்கின்றன. காசநோய்க்கு மாதக்கணக்கில் தவறாமல் மருந்துண்ண வேண்டும். படுக்குமிடம் வாரந்தோறும் மாறுபவரால் அது இயலாது. சிகிச்சை இடையில் நின்றால் மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறக்கூடும். உறக்கத்தில் வாகனம் ஏறி இறப்போரும் உளர். பெண்களுக்கு இரவு முழுதும் விழித்திருப்பதே பாதுகாப்பு. அடுத்த நாள் வேலைக்கு அவர்கள் அரை உறக்கத்தோடுதான் செல்கின்றனர். குழந்தைகளின் பள்ளிப் படிப்பு ஒவ்வோர் அகற்றத்தோடும் முறிகிறது.

கண்ணுக்குத் தெரியாத மற்றோர் இடரும் உண்டு. முகவரி இல்லாதவருக்குக் குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் எட்டாதவையாகின்றன. பெற்ற சான்றுகளும் மழையில் நனைந்தோ, களவுபோயோ, அகற்றத்தின்போது குப்பையோடு வாரப்பட்டோ அழிகின்றன. வறியவருக்கென வகுக்கப்பட்ட திட்டங்கள் அவர்களுள் மிக வறியவரை இவ்வாறே தவறவிடுகின்றன.

சட்டத்தின் நிலை

பம்பாய் நடைபாதைவாசிகள் தொடுத்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு இத்துறையில் ஒரு மைல்கல். வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் கூறியது. வேலைக்கு அருகில் இருப்பதற்காகவே அம்மக்கள் நடைபாதையில் வாழ்கின்றனர் என்பதையும் ஏற்றுக்கொண்டது. எனினும் நடைபாதையில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை அது வழங்கவில்லை. உரிய முன்னறிவிப்புடன் அகற்றலாம் என்றது. 1976-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பதிவானவர்களுக்கு மாற்றிடம் தரப் பணித்தது. அரசின் பதிவேட்டில் ஒரு வரி இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே மாற்றக்கூடும் என்பதற்கு இதுவே சான்று.

2010-இல் டெல்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் பட்ட இன்னல், உணவு உரிமை வழக்கின் வழியாக உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், நாள் முழுவதும் திறந்திருக்கும் வகையில் அமைய வேண்டும் என்ற நெறி அதன் தொடர்ச்சியாக உருவாயிற்று. தலைநகரில் இரந்துண்பதைக் குற்றமாக்கிய சட்டப் பிரிவுகளை 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. வறுமையையே குற்றமாகக் கருதும் போக்குக்கு அத்தீர்ப்பு ஒரு தடை.

திட்டங்களும் அவற்றின் எல்லையும்

ஏழாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில், 1988-89-இல், நடைபாதைவாசிகளுக்கு இரவுக் காப்பகமும் கழிப்பிட வசதியும் அமைக்கும் மத்தியத் திட்டம் தொடங்கப்பட்டது. 2005-இல் அது மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வீடற்றோர் காப்பகத்தைத் தன் அங்கங்களுள் ஒன்றாக்கியது. ஒரு லட்சம் நகர மக்களுக்குக் குறைந்தது 100 பேர் தங்கும் இடம், ஒருவருக்கு 50 சதுர அடி, வேலையிடங்களுக்கு அருகே அமைவிடம் என்று அதன் விதிகள் வகுக்கப்பட்டன.

விதி நன்று. ஆனால் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது பயனுடையது. 2011-இல் நகர மக்கள்தொகை சுமார் 37.7 கோடி. லட்சத்துக்கு நூறு என்ற அளவு முழுமையாக நிறைவேறினாலும் ஏறத்தாழ 3.77 லட்சம் பேருக்கே இடம் கிடைக்கும். நகரங்களில் எண்ணப்பட்ட வீடற்றோரோ 9.38 லட்சம். விதி கூறும் குறைந்த அளவையே உச்ச அளவாகக் கொண்டால் ஐவரில் மூவர் வெளியே நிற்பர். அந்தக் குறைந்த அளவும் எட்டப்படவில்லை என்ற முறையீட்டின் பேரில் 2016-இல் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. தேவைக்கும் இருப்புக்கும் இடையே இருந்த பெரும் இடைவெளியை அக்குழு வெளிப்படுத்தியது.

2015-இல் தொடங்கிய நகர்ப்புறப் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் நான்கு கூறுகளைக் கொண்டிருந்தது. சொந்த மனையில் வீடு கட்டிக்கொள்ள உதவி. வங்கிக் கடனுக்கு வட்டி மானியம். கூட்டு முயற்சியில் கட்டப்படும் வீடுகளை வாங்க உதவி. குடிசைப் பகுதிகளை அவை இருக்குமிடத்திலேயே சீரமைத்தல். இவை முறையே மனை, கடன் பெறும் தகுதி, வாங்குவோர் தம் பங்காகச் செலுத்தும் தொகை, ஏற்கெனவே ஒரு குடிசை ஆகியவற்றை எதிர்பார்த்தன. நடைபாதையில் உறங்குபவரிடம் இந்நான்கில் ஒன்றும் இல்லை. பல குடும்பங்களுக்குப் பயனளித்த ஒரு திட்டம் ஏணியின் கீழ்ப்படியில் நிற்பவருக்கு எட்டாமற்போனது இதனால்தான்.

காப்பகங்களில் சில வேளைகளில் இடம் காலியாக இருக்க, வெளியே மக்கள் படுத்திருப்பதைக் கண்டு, இவர்கள் வர மறுக்கிறார்கள் என்று அலுவலர்கள் முடிவு செய்வதுண்டு. மறுப்பின் காரணத்தை ஆராய வேண்டும். ரிக்‌ஷாவை வெளியே விட்டால் களவு போகும். கணவனும் மனைவியும் பிரிந்து தங்க வேண்டியிருக்கும். பொருளைப் பூட்டி வைக்கப் பெட்டி இராது. விடியற்காலைச் சந்தைக்குக் காப்பகம் தொலைவாக இருக்கும். பழைய டெல்லியின் மீனா பஜார் பகுதியில் இரவுக்கு இவ்வளவு எனக் கட்டிலையும் போர்வையையும் வாடகைக்கு எடுத்து உறங்கும் தொழிலாளர்கள் உண்டு. வேலையிடத்துக்கு அருகில் ஓர் இரவு உறக்கத்துக்குப் பணம் கொடுக்க அவர்கள் ஆயத்தமாகவே உள்ளனர். அந்தப் பணத்துக்கு ஏற்ற கூரையை நகரம் இன்னும் அமைத்துத் தரவில்லை.

செய்ய வேண்டியவை

முதற்படி, பதிவும் முகவரியும். இதற்கு முன்மாதிரி நம்மிடமே உள்ளது. வீடற்றவர் வாக்காளராகப் பதிய விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் அவ்விடத்துக்குச் சென்று, அவர் அங்கே உறங்குகிறாரா என்று ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் பார்த்து உறுதிசெய்யலாம். வேறு முகவரிச் சான்று தேவையில்லை. வாக்குரிமைக்குப் போதுமான இச்சோதனை, குடும்ப அட்டைக்கும் வீட்டு விண்ணப்பத்துக்கும் ஏன் போதாது? காப்பகத்தின் முகவரியைப் பயன்படுத்திக்கொள்ளவும் அனைத்துத் துறைகளும் இசைய வேண்டும்.

இரண்டாவது, காப்பகத்தின் இடமும் அமைப்பும். மொத்த விற்பனைச் சந்தை, இரயில் நிலையம், பெரிய மருத்துவமனை ஆகியவற்றின் அருகே நடந்து செல்லும் தொலைவில் அவை அமைய வேண்டும். குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் தனித்தனிக் காப்பகங்கள் தேவை. வண்டி நிறுத்துமிடமும் பூட்டுள்ள பெட்டியும் ஆடம்பரங்கள் அல்ல. காப்பகம் நிரம்புமா, காலியாகக் கிடக்குமா என்பதை அவையே முடிவு செய்கின்றன.

மூன்றாவது, காப்பகத்துக்கும் சொந்த வீட்டுக்கும் இடைப்பட்ட படி. தொழிலாளர் விடுதிகளும், நாள் அல்லது வார வாடகை அறைகளும் அப்படியாக அமையும். அரசு நிதியில் கட்டப்பட்டுக் காலியாகக் கிடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளை வாடகைக்கு விடும் நோக்குடன் 2020-இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. நோக்கம் சரியானதே. ஆனால் தொலைவு காரணமாகக் காலியாகக் கிடந்த வீடு, வாடகை வீடு என்று பெயர் மாற்றியதால் மட்டும் வேலைக்கு அருகில் வந்துவிடாது. நகரின் நடுவே உள்ள பயனற்ற அரசுக் கட்டடங்களையும் இதற்குப் பயன்படுத்த வேண்டும்.

நான்காவது, மருத்துவமும் பராமரிப்பும். 1993-இல் சென்னையில் தொடங்கப்பட்ட பானியன் அமைப்பு, மனநோயுற்றுத் தெருவில் அலைந்த பெண்களுக்குச் சிகிச்சையளித்துக் குடும்பத்தோடு சேர்ப்பது இயலும் என்று காட்டியுள்ளது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இத்தகையோரைப் பாதுகாப்பில் எடுத்து மருத்துவ உதவிக்கு வழிசெய்யும் கடமையைக் காவல் துறைக்கு வகுத்துள்ளது. காவல் நிலைய அளவில் இதற்குப் பயிற்சி வேண்டும்.

ஐந்தாவது, மாற்றிடம் உறுதியாகும் வரை எந்தக் குடியிருப்பையும் அகற்றாதிருத்தல். ஒரு துறை ஒரு பக்கம் காப்பகம் கட்ட, மற்றொரு துறை மறுபக்கம் வீடற்றோரை உருவாக்கிக் கொண்டிருந்தால் செலவு பெருகுமேயன்றிச் சிக்கல் தீராது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு நாட்டின் பெரும்பகுதியில் 2027 மார்ச் 1-ஆம் நாள் அடிப்படை நாள் என 2025-இல் அறிவிக்கப்பட்டது. வீடற்றோரை எண்ணும் இரவு மாவட்ட நிர்வாகங்களுக்கு ஒரு நல்வாய்ப்பாகும். எண்ணச் செல்பவர் எந்த இடத்தில், எந்தத் தொழில் செய்வோர் உறங்குகின்றனர் என்பதையும் உள்ளாட்சி மன்றத்துக்கு அறியத் தந்தால், காப்பகங்கள் எங்கே எழ வேண்டும் என்பதற்கு வேறு ஆய்வு தேவைப்படாது. நகரின் மூட்டைகளைச் சுமப்பவரும் அதன் மாடிகளைக் கட்டுபவரும் அந்நகரின் குடிமக்களே. அவர்களைத் தங்கள் பதிவேடுகளில் ஏற்பதே உள்ளாட்சிகள் செய்ய வேண்டிய முதற்பணி.